வால்கோட்டுக்காரர்

ரயிலில் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் ஆல்வின் ராபே உட்காருவதில்லை. ஜன்னலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், பெர்லினின் வடக்கு மூலையிலிருந்து மேற்கே ஊர் முடியும் இடம் வரை முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போவார். உட்கார்ந்தால் கால்சராய் முழங்காலில் புடைத்துக்கொள்ளும். அப்படிப் புடைத்த கால்சராய்க்காரரை அவர் நடிக்கும் படத்தின் மேலுலகத்தில் சேர்க்க மாட்டார்கள். "உக்காருங்களேன், இடம் சும்மாதானே கெடக்கு" என்று யாராவது பெண்மணி இரக்கப்பட்டால், "டாக்டர் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாரும்மா" என்பார். அந்த அம்மாள் என்ன வியாதியோ என்று பரிதாபமாகப் பார்ப்பாள். அதையும் அவர் மறுப்பதில்லை.

அவர் உடம்பில் இருப்பது பின்னால் இரண்டு வால் தொங்கும் கறுப்புக் கோட்டு. முட்டைக்கோசும் நிலக்கரிப் புகையும் மணக்கும் அவருடைய குடியிருப்பில், நான்கு மாடிகளையும் மூன்று முற்றங்களையும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொன்று கிடைக்காது. வாரம் ஒருமுறை உருளைக்கிழங்கு வேகும் பானையின் ஆவியில் அதைத் தூக்கிப் பிடித்துச் சுருக்கம் எடுப்பார். தேய்ந்து பளபளக்கும் இடங்களை ஆறிய காப்பியில் நனைத்த துணியால் ஒற்றுவார். விளிம்பில் நூல் வெளுத்த இடத்துக்கு மை. "கோட்டுக்குக் காப்பி, எனக்குச் சிக்கரித் தண்ணி. நான் அந்தக் கோட்டாப் பொறந்திருக்கலாம்" என்பாள் மனைவி லீஸ்பெத். "நீ கோட்டா இருந்தா உன்னையும் ஆவியில பிடிப்பேன்" என்பார் இவர்.

கோட்டு அவருக்கென்று தைத்ததல்ல. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருஷம் சர்வராக இருந்தார். அங்கே தங்கியிருந்த தானிய வியாபாரி ஒருவர் அறையிலேயே மாரடைப்பில் போய்ச் சேர, சாமான்களை எடுக்க வந்த விதவை இதை மட்டும் பார்க்கப் பிடிக்காமல் ஆல்வினிடம் கொடுத்துவிட்டாள். இறந்தவர் அகலமான மனிதர். ஆல்வினின் தோள் ஒடுக்கம். இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்து ஒப்பேற்றிக்கொண்டார். கறுப்புக் கழுத்துப் பட்டை கட்டினால் சர்வர், வெள்ளைப் பட்டை கட்டினால் சீமான். சினிமாவுக்கு வந்த பிறகு வெள்ளைப் பட்டைதான்.

சினிமாவில் அவர் துணை நடிகர். ஃப்ரீட்ரிக் தெருவில் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அங்கே வேலையற்ற பெர்லினே கூடியிருக்கும். ஸ்டுடியோவிலிருந்து ஆள் சேர்க்க வரும் உதவி டைரக்டர் பென்ஸ்கே யாருடைய முகத்தையும் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார். கேட்பது ஒரே கேள்வி: "சொந்தக் கோட்டு இருக்கா?" இருந்தால் சீமான் வேஷம், இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவன். இருப்பவரை "ஹெர் ராபே" என்று, திருவாளர் போட்டு, மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இல்லாதவருக்கு முதுகில் ஒரு நம்பர் தைத்த சாம்பல் நிற அங்கி கிடைக்கும். கைசர் நாட்டை விட்டு ஓடி எட்டு வருஷம் ஆகிவிட்டது, எல்லோரும் சமம் என்று சட்டமே எழுதியாயிற்று. அந்தச் சட்டம் காப்பிக் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பென்ஸ்கே வரும்போது ஆல்வின் கோட்டுக்கு மேல் போட்ட குளிர்ச்சட்டையின் ஒரு பொத்தானை மட்டும் கழற்றி, ஒற்றை விரலால் சற்றே விலக்குவார். உள்ளே கோட்டின் பட்டுக் கரை மின்னும். வாயைத் திறந்து கேட்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

பொறாமை அவருக்குக் காலை உணவு. எதிர் நடைமேடைக்கு ரயில் முதலில் வந்துவிட்டால் அங்கே நிற்பவர்கள் மேல் பொறாமை. லீஸ்பெத் வளர்க்கும் மஞ்சள் குருவியிடம் அவள் சீட்டியடித்துக் கொஞ்சினால் குருவி மேல் பொறாமை. தனக்குப் பிறகு வேலையில் சேர்ந்த ஒருவன் தலைமைச் சர்வர் ஆனான் என்று ஹோட்டலில் மூன்று வருஷம் அவனோடு பேசாமல் இருந்தார். காப்பிக் கடையில் புதிதாக ஒருவர் நல்ல கோட்டோடு வந்தால் அன்றைக்கு ஆல்வினுக்குச் சாப்பாடு இறங்காது. "என்னய்யா, இன்னிக்கு யாரப் பாத்து வயிறு எரியுது?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். "எனக்கென்ன எரியுது? அந்தக் கோட்டு வாடகைக் கோட்டு. முதுகுத் தையலப் பாத்தாலே தெரியுது" என்பார். அப்படித் தெரிந்துவைத்திருப்பதில் ஒரு ஆறுதல்.

இத்தனைக்கும் சீமான்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு சீமான்களுக்கே தெரியாது. "நடிக்க வர்றவனெல்லாம் பணக்காரன எதிர்ல இருந்து பாத்தவன். நான் மேலேர்ந்து பாத்திருக்கேன், நின்னுக்கிட்டு. அவங்க வழுக்கையெல்லாம் எனக்கு அத்துப்படி" என்பார். பிரபு ஒருவர் எலும்பைத் தட்டில் எந்தப் பக்கம் ஒதுக்குவார், பிரபுபோல் வேஷம் போடும் கடனாளி எந்தப் பக்கம் ஒதுக்குவான் என்று அரை மணி நேரம் பேசுவார். ஆறு வருஷத்தில் நாற்பது படம். நடன அரங்கில் நாற்பது பேருக்குப் பின்னால், குதிரைப் பந்தயத்தில் குடைக்குப் பின்னால், ஓபராவில் தூணுக்குப் பின்னால். லீஸ்பெத் ஒவ்வொரு படத்துக்கும் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ உன் காது தெரிஞ்சுது ஆல்வின்" என்பாள். ஒருமுறையாவது முகம் தெரிய வேண்டும், அதுவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கையில் தெரிய வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அந்த ஆசையை நினைத்தாலே மற்றவர்கள் மேல் ஆத்திரமாக வரும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய படம் எடுக்கிறார்கள். வரப்போகும் காலத்துக் கதை. வானத்தை மறைத்த கோபுர நகரம் ஒன்று, அதன் உச்சியில் ஒரு செயற்கைச் சூரியன். உச்சியில் வாழும் சீமான்கள் அந்த வெயிலில் குளித்து, விருந்துண்டு, சலித்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அடியில் இருட்டில் ஆயிரம் பேர் ராட்டினம்போல் ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். அவர்கள் சுற்றினால்தான் சூரியன் எரியும். சுற்றுகிறவர்கள் யாரும் அந்தச் சூரியனைப் பார்த்ததில்லை. போரின்போது வான்கப்பல்களை நிறுத்திவைத்த ராட்சதக் கொட்டகைக்குள் இரண்டு உலகத்தையும் மரத்தாலும் சாந்தாலும் கட்டியிருந்தார்கள்.

டைரக்டர் மெலிந்த மனிதர். கம்பளிச் சால்வையும் முழங்கால் உயர ரப்பர் பூட்சும் போட்டுக்கொண்டு, ஓயாமல் பெப்பர்மிண்ட் மிட்டாய் சப்புவார். பேசாப் படம் என்பதால் அவர் பேசிக்கொண்டே இருப்பார். முதல் நாளே கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப் போட்டார். கீழுலகம்: தலை நிமிராது. மேலுலகம்: கை வேலை செய்யாது.

"புரியுதா? கீழே இருக்கறவங்களுக்கு முகம் கிடையாது, முதுகுதான். மேலே இருக்கறவங்களுக்குக் கை கிடையாது, கையுறைதான். ஒரு ஊசி விழுந்தாக்கூட அவங்க எடுக்க மாட்டாங்க. ஏன்? விழுந்தத எடுக்கணும்ங்கற எண்ணமே அவங்க வம்சத்துல செத்துப்போச்சு. இந்த ரெண்டு வரிதான் என் படம்" என்றார்.

ஆல்வின் மனசுக்குள் தலையாட்டினார். எடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். எடுத்தவர் அவராயிற்றே.

ஒரே ஒரு கஷ்டம், மேலுலகத்தில் அடித்த குளிர். கொட்டகையைச் சூடாக்க யாராலும் ஆகாது. உயரத்தில் கட்டிய விருந்து மண்டபத்தில் தோள் தெரியும் கவுன் போட்ட பெண்களும் வால்கோட்டுக்காரர்களும் நீலம் பாரித்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கீழே சக்கரத்தடியில், புகைக்காக விடும் நீராவியின் கதகதப்பில் சாம்பல் அங்கிக்காரர்கள் வியர்த்துக் குளித்துப் பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டுச் சத்தம் மேலே வரும்போதெல்லாம் ஆல்வினுக்குப் பொறுக்காது. இடைவேளையில் இரண்டு உலகத்துக்கும் ஒரே பட்டாணி சூப்தான். அங்கிக்காரர்கள் பெஞ்சில் சாய்ந்து நிம்மதியாகக் குடிப்பார்கள். வால்கோட்டுக்காரர்கள் கழுத்தில் காகிதத்தைச் செருகிக்கொண்டு, முன்னால் குனிந்து நின்றபடி குடிக்க வேண்டும்.

அங்கிக்காரர்களில் எமில் நோவாக்கும் ஒருவர், நம்பர் 311. ஆல்வின் குடியிருக்கும் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே இருப்பவர். தொழில் நிலக்கரி சுமப்பது. நாலு மாடி ஏறி லீஸ்பெத்தின் அடுப்படியில் மூட்டையை இறக்கிவிட்டு ஏதாவது சொல்வார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதுவும் ஆல்வினின் பொறாமைப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் குளிரிலும் கரி வாங்க யாரிடமும் காசில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று நோவாக் முற்றத்தில் புலம்பியபோது காப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ஆல்வின்தான். தன்னை "ஹெர் ராபே" என்று கூப்பிடுவதை ஒருவராவது பார்த்துவிட்டு வந்து குடியிருப்பில் சொல்ல வேண்டுமே.

"எப்படிடா இருக்கு எமில், வேல?" என்று முதல் நாள் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஊர்ல கரிய சுமக்கறேன், இங்க சூரியன சுமக்கச் சொல்றாங்க. கரியவிடக் கனம் கம்மி."

மூன்றாவது வாரம் அந்த அதிசயம் நடந்தது. "ஹெர் ராபே, நாளைக்கு முன்மேஜை" என்றார் பென்ஸ்கே. கேமராவுக்கு ஆறடி தூரத்தில் போட்ட மேஜை அது. எட்டு நாற்காலிகள், நடு நாற்காலி ஆல்வினுக்கு. சூரியன் முதல்முறையாக அணைந்து எரியும் காட்சி. மேஜைகள் நடுங்கும், தட்டுமுட்டுகள் விழும், சீமான்கள் அசையாமல் சூரியனையே பார்த்தபடி இருப்பார்கள். ஒவ்வொரு முகத்தையும் கேமரா பார்க்கும். அன்று மாலைக்குள் குடியிருப்பில் மூன்று முற்றத்துக்கும் செய்தி போய்விட்டது. லீஸ்பெத் முதன்முறையாகத் தானே காப்பியை ஆற்றிக் கோட்டுக்கு எடுத்து வைத்தாள்.

மறுநாள் எல்லாம் சரியாகத்தான் ஆரம்பித்தது. விசில் ஊதினார்கள். மேடைக்கு அடியில் நாலு அங்கிக்காரர்கள் படுத்துக்கொண்டு மேஜைக் கால்களைக் குலுக்கினார்கள். ஆல்வின் இருபத்திரண்டு வருஷம் பார்த்த அத்தனை பிரபுக்களையும் முகத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சூரியனைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்துப் பெண்ணின் முள்கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. ணங் என்று ஒரு சத்தம்.

ஆல்வின் குனிந்தார். முள்கரண்டியை எடுத்தார். அந்தப் பெண்ணின் முன்னால் இருந்த தட்டை நேராக்கினார். முன்கையில் மடித்துப் போட்ட துணி எதுவும் இல்லை என்பதால் கையுறையிலேயே கரண்டியைத் துடைத்து, "மன்னிக்கணும் அம்மணி, வேற கொண்டாரேன்" என்று எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது.

கொட்டகையில் இருநூறு பேர் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "யார் இவரு?" என்று கேட்டார். "யாருடைய கை அது?"

இரண்டாவது முறை எடுத்தார்கள். இந்த முறை ஆல்வின் எடுக்கவில்லை. ஆனால் கண் கீழே போய்விட்டு வந்தது. மூன்றாவது முறை கண்ணும் போகவில்லை, தோள் ஒரு துளி துடித்தது. "அந்தத் தோள்! அந்தத் தோள் பாருங்க, வேலைக்காரத் தோள்!" என்று கேமரா ஓடும்போதே டைரக்டர் கத்தினார். சூப்புக்கு மணியடித்தார்கள்.

சூப் வேளையில் டைரக்டர் யாரோடும் பேசாமல் பெஞ்சுகளுக்கு நடுவே உலாத்தினார். அங்கிக்காரர் ஒருவரின் கிண்ணம் சறுக்கி விழுந்து, சூடான சூப் நோவாக்கின் பூட்சின் மேலேயே சிதறியது. பக்கத்திலிருந்த ஆறு பேரும் துள்ளி எழுந்தார்கள். நோவாக் மட்டும் தன் கிண்ணத்தைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை சுமக்கிறவர் சுமக்காத நேரத்தில் ஒரு விரலைக்கூட வீணாக ஆட்டுவதில்லை.

டைரக்டர் அவர் முன்னால் போய் நின்றார். "கால்ல சூப் கொட்டுச்சே, பாக்கலையா?"

"அது என் சூப் இல்லைங்களே, நான் ஏன் பாக்கணும்?" என்றார் நோவாக்.

டைரக்டரின் முகம் மலர்ந்தது. "பென்ஸ்கே! இதோ இருக்காரு என் சீமான்! நூறு தலைமுறைச் சீமான்!" என்று கூவினார்.

"கோட்டு இல்லையே அவருக்கு" என்றார் பென்ஸ்கே. சொல்லி முடிப்பதற்குள் அவர் பார்வை ஆல்வின் மேல் வந்து நின்றது.

துணிமணி அறையில் மாற்றிக்கொண்டார்கள். "ஆல்வின், உனக்குச் சம்மதமா? வேணாம்னா சொல்லிடு, நான் போகல" என்றார் நோவாக். "போ போ. நானா தடுக்கறேன்? என் கோட்டாவது முன்னால உக்காரட்டும்" என்றார் ஆல்வின். சொல்லும்போது தாடை வலித்தது. துணிமணிக்காரி தோளில் இருந்த பஞ்சை இரண்டு வெட்டில் பிரித்து எடுத்துப் போட்டாள். கோட்டு நோவாக்கின் தோளில் போய் உட்கார்ந்தது. ஒரு சுருக்கமில்லை, ஒரு தொய்வில்லை. "அடடா, அளவெடுத்துத் தெச்ச மாதிரி! இத்தன நாள் யாரு இத மாட்டிக்கிட்டுத் திரிஞ்சது?" என்றாள் அவள். கரி ஏறிய கைகள் வெள்ளைக் கையுறைக்குள் போனதும் நோவாக் கண்ணாடியைப் பார்த்து வெட்கப்பட்டார். ஆல்வின் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அழுகை வரும்போல இருந்தது, அதைவிட நோவாக்கின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலவும் இருந்தது.

அவர் 311 அங்கியோடு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். மேஜை அடுக்குகிறவன் வேறு எங்கோ போயிருந்தான். பென்ஸ்கே சுற்றுமுற்றும் பார்த்தார். "யோவ் ராபே! நீ சர்வர்தானே? வா, முன்மேஜைய அடுக்கு, சீக்கிரம்!" ஆறு வருஷத்தில் ஹெர் இல்லாமல் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேலுலகத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் அடுக்கினார். தட்டு, கத்தி, முள்கரண்டி, மடித்த துணி. கை தானாகவே வேலை செய்தது. ஒயினுக்குப் பதில் பீட்ரூட் சாற்றில் சர்க்கரை கரைத்து வைத்திருந்தார்கள், படத்தில் கறுப்பாகத் தெரியும். நடு நாற்காலிக்கு முன்னால் அந்தக் கோப்பையை வைக்கும்போது கை நின்றது.

கோப்பையை விளிம்புக்கு நகர்த்தி வைத்தால் மேஜை நடுங்கும்போது நேராக நோவாக்கின் மடியில் கொட்டும். துள்ளாமல் எந்த மனிதனால் இருக்க முடியும்? குளிரில், மடியில், ஐஸ் போன்ற சாறு. துள்ளினால் டைரக்டர் கத்துவார். "இவரும் வேண்டாம்" என்பார். அதற்கப்புறம் யாரைக் கூப்பிடுவாரோ, அது பிறகு. இவன் அங்கே உட்காரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் மடியில் இருப்பது அவருடைய கோட்டு. அந்த வெள்ளை மார்ச்சட்டை அவருடையது. சர்க்கரை போட்ட பீட்ரூட் கறை காப்பிக்கும் ஆவிக்கும் மசியாது. கோட்டு போனால் காப்பிக் கடையில் அவருக்கு இடமில்லை, முதுகில் நம்பரோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

போகட்டும் என்று நினைத்தார். கோப்பையின் அடிப்பாகம் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்தார்.

விசில் ஒலித்தது. வயலின்காரர்கள் இழுக்க ஆரம்பித்தார்கள். சூரியன் மினுக்கியது. மேஜை நடுங்கியது. கோப்பை இரண்டு முறை தள்ளாடி, கவிழ்ந்தது. சாறு முழுவதும் நோவாக்கின் மார்ச்சட்டையில் வழிந்து, மடியில் தேங்கி, கோட்டின் வால் வழியே நாற்காலிக்கடியில் சொட்டியது. ஆல்வின் இரண்டு கையாலும் அங்கியைப் பிடித்துக்கொண்டார். குதி, குதித்துத் தொலை என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

நோவாக் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே நேரவில்லை. மடியில் கொட்டியது வேறு யாருடைய சாறோ.

"போதும்!" என்றார் டைரக்டர். கேமராக்காரர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் நோவாக் கழுத்தை வளைத்து ஆல்வினைத் தேடினார். "ஆல்வின்! மன்னிச்சுக்கப்பா, உன் கோட்டு போச்சே! சில்லுன்னு உள்ள எறங்கிச்சு, எழுந்து குதிக்கத்தான் பாத்தேன். ஆனா உன் கோட்டு மொத மொதல்ல முன்னால வந்து உக்காந்திருக்கு. நான் குதிச்சு அதக் கெடுத்துட்டா நாளைக்கு லீஸ்பெத் மூஞ்சில எப்படி முழிக்கறது? பல்லக் கடிச்சுக்கிட்டேன்."

ஆல்வின் கோட்டு வாலிலிருந்து சொட்டும் சாற்றைப் பார்த்தார்.

டைரக்டர் பூட்ஸ் சப்தத்தோடு மேடையேறி வந்தார். "இந்தக் கோப்பைய இங்க வச்சது யாரு?"

ஆல்வின் சாம்பல் அங்கிக் கையைத் தூக்கினார்.

"நீங்களா? மூணு வாரமா நான் தேடினது இதுதான் ஐயா! கீழுலகம் மேலுலகத்து மடியில கொட்டுது, மேலுலகத்துக்கு உறைக்கல! எனக்கே தோணல பாருங்க!" டைரக்டர் அவர் தோளைத் தட்டினார். சற்று முன் வேலைக்காரத் தோள் என்று கத்திய அதே தோள். "வெளிநாட்டுக்குப் போற பிரதிக்கு இன்னொரு தடவ எடுக்கணும். கவிழற கணத்துலேர்ந்து எடுத்தாப் போதும், பழைய கறை தெரியாது. இம்மி பிசகக் கூடாது, அதே இடத்துல வைங்க. நிரப்பி வைங்க."

அவர் இறங்கிப் போனார். நோவாக் மேஜை விளிம்பைப் பார்த்தார். கோப்பை நின்ற இடத்தில் ஈர வளையம் பாதிதான் இருந்தது, மீதிப் பாதிக்கு மேஜை இல்லை. பிறகு ஆல்வினைப் பார்த்தார். கரி சுமப்பவர்தான், ஆனால் மடையர் இல்லை.

"நீயா வச்ச?"

"நான்தான்."

"தெரியாமயா?"

ஆல்வின் அந்த அரை வளையத்தைப் பார்த்தார். "தெரிஞ்சுதான்" என்றார்.

நோவாக்கின் முகம் மெதுவாகச் சிவந்தது. கையுறை போட்ட கை ஒன்று மேஜை மேல் மூடித் திறந்தது. கீழே பென்ஸ்கே விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சரி, வை" என்று நோவாக் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு காத்துக்கிட்டிருக்காரு."

ஆல்வின் சாற்றை நிரப்பினார், ஒரு சொட்டு சிந்தாமல். கோப்பையை அதே விளிம்பில், அதே விரற்கடை வெளியே தள்ளி வைத்தார். பிறகு தட்டருகே மடித்துவைத்த வெள்ளைத் துணியை எடுத்து ஒரு உதறு உதறினார். "துணி போன தடவை இல்லையே! ராபே, துணியை எடு!" என்று பென்ஸ்கே கத்தினார். ஆல்வின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோவாக்கின் இடப்பக்கமாக வந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, நனைந்த மடியின் மேல் அந்தத் துணியை இரண்டு கையாலும் விரித்தார். ஓரங்களை இழுத்துச் சரி செய்தார். சுருக்கம் எதுவும் மிச்சமில்லாதபோதும் அவர் கை அங்கேயே நீவிக்கொண்டிருந்தது.